ஈரல் நோயாளியின் மேல்வயிற்று நோவுக்குப் பெயரில்லாத குளிசையா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது. ஈரலில் சிரோசிஸ் என்று போன வருடம் கிளினிக்கில் சொன்னார்கள். குடியை அன்றோடு விட்டுவிட்டார். சில மாதங்களாக நெஞ்சுக்குழிக்குக் கீழேயும் வலப்பக்க விலாவின் அடியிலும் நோவு வந்து வந்து போகிறது. பாமசியில் தரும் குளிசைகளைப் போட்டால் நின்று, பிறகு திரும்புகிறது. பனடோல் ஈரலைப் பழுதாக்கும் என்று அயலவர்கள் சொல்வதால் அதைக் கொடுப்பதில்லை. நோவது ஈரல்தானா? நோவுக்கு எதைக் கொடுக்கலாம்?"

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. வன்னியின் சந்திக்குச் சந்தி சிறிய கடதாசி உறையில் பெயர் எழுதாமல், 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று மட்டும் குறித்துக் கொடுக்கப்படும் குளிசைகளில் பெரும்பாலும் ஒன்று கஸ்ரிக்குக்கு உரியதாகவும், மற்றொன்று டைக்குளோபெனாக் அல்லது இபுபுரோபென் வகையைச் சேர்ந்த நோக்குளிசையாகவும் இருக்கும். சிரோசிஸால் ஈரல் தழும்பேறி இறுகிப்போனவருக்கு இந்த இரண்டாவது குளிசை ஆகாது. அவருடைய சிறுநீரகங்களுக்குப் போகும் இரத்த ஓட்டம் ஏற்கெனவே இழுபறியில் இருக்கும். இந்த மருந்து அதை மேலும் குறைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம், வயிற்றில் நீர் கட்டுவதைக் கூட்டலாம், இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கலாம். ஊசியாக ஏற்றினாலும் மலவாசல் வழியாக வைத்தாலும் ஆபத்து ஒன்றுதான். பெயர் தெரியாத எந்தக் குளிசையையும் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். பெயரை எழுதித் தரும்படி கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் மருந்து வாங்கவே வேண்டாம்.

பனடோலைப் பற்றி உங்கள் அயலவர்கள் சொல்வது பாதி உண்மை. அளவுக்கு மீறினால் ஈரலைக் கெடுப்பது அதுதான்; அளவோடு எடுத்தால் சிரோசிஸ் உள்ளவருக்கு மற்ற நோக்குளிசைகளை விடப் பாதுகாப்பானதும் அதுதான். 500 மில்லிகிராம் குளிசையாக நாளொன்றுக்கு நான்குக்கு மேற்படாமல், அதாவது 2 கிராமுக்குள், ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஆறு மணித்தியால இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு; அதைக் கவனிக்காமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பனடோலில் இருக்கும் பரசிற்றமோல் வேறு பெயர்களிலும் விற்கப்படுகிறது. தடிமன் குளிசைகளிலும் காய்ச்சல் மருந்துகளிலும் அது கலந்திருக்கிறது. காலையில் இரண்டு பனடோல், மத்தியானம் தடிமன் குளிசை இரண்டு, இரவு உடல் உளைவுக்கு மீண்டும் இரண்டு என்று எடுத்தவர் தாம் நான்கு பனடோல் மட்டுமே எடுத்ததாக நினைத்திருப்பார். ஈரலோ ஆறையும் எண்ணிக்கொள்ளும். ஆகவே எந்தப் பெட்டியாக இருந்தாலும் அதில் பரசிற்றமோல் என்று இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இன்னும் குடிப்பவரும் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதவரும் வைத்தியரைக் கேட்காமல் இந்த அளவைக்கூட எடுக்கக் கூடாது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குளிசையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது காய்ச்சலை மறைத்துவிடும்.

இனி, நோவது ஈரல்தானா? ஈரலின் உட்சதைக்கு நோவை உணரும் நரம்பு இல்லை; அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை இழுபட்டால்தான் வலப்பக்கத்தில் ஒரு பாரமான நோவு தெரியும். ஆகவே விட்டுவிட்டு வரும் நோவுக்குப் பெரும்பாலும் வேறிடத்திலேயே காரணம் தேட வேண்டும். சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பித்தப்பைக் கல் மற்றவர்களை விட அதிகம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பி வலது தோளுக்குப் பரவும் நோவு அதைச் சுட்டும். நெஞ்சுக்குழியில் எரிவாக இருந்தால் இரைப்பைப் புண்ணாகலாம். முன்னர் குடித்தவருக்கு முதுகை ஊடுருவும் நோவு கணையத்திலிருந்து வரலாம். வேர்வையோடு நெஞ்சுக்குழி இறுகினால் கஸ்ரிக் என்று சோடா குடிக்கக் கொடுக்காமல் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இரத்தமாகச் சத்தி எடுத்தல், தார் போன்ற கறுப்பு மலம், வயிறு வீங்கிய நிலையில் காய்ச்சல், பகலில் தூங்கி இரவில் விழித்துப் பேச்சுத் தடுமாறுதல், சிறுநீர் குறைந்துபோதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. வயிற்றில் கட்டிய நீரில் கிருமி தொற்றினால் நோவு மிகச் சிறிதாகவே இருக்கக்கூடும், ஆனால் உயிரைப் பறிக்கும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த கிளினிக்கில் இந்த நோவைத் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே நூறு பேருக்கு மத்தியில் "எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, பழைய மருந்தையே வாங்கிக்கொண்டு வருவதுதான் நம்மவர் வழக்கம். நோவு எப்போது வருகிறது, சாப்பாட்டோடு என்ன தொடர்பு, எங்கே பரவுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் ஸ்கான் எடுக்க வேண்டும், ஏனெனில் ஈரலில் தோன்றும் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க அதுவே வழி. ஆனால் ஸ்கானுக்கு ஒரு திகதி, இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்க வேறு ஊரில் வேறொரு திகதி, ஓரிடத்து அறிக்கை மற்ற இடத்துக்குப் போய்ச் சேராமல் மீண்டும் முதலிலிருந்து இரத்தப் பரிசோதனை என்று ஒரு கமக்காரனின் கூலி நாட்களை விழுங்கும் இந்த ஒழுங்கை யார்தான் திருத்தப் போகிறார்களோ தெரியாது. கிளினிக் கொப்பியையும் எல்லா அறிக்கைகளின் பிரதிகளையும் நீங்களே ஒரு பையில் போட்டு வைத்திருங்கள்.

இந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். 'ஈரலைக் கழுவும்' சூரணம் என்று போத்தலில் வருவதை வாங்காதீர்கள். சேர்ந்த பொருட்கள் எழுதப்படாத மருந்து எதுவும் பழுதான ஈரலுக்குள் போகக் கூடாது, மூலிகை என்ற சொல் அதைப் பாதுகாப்பானதாக்கிவிடாது. இன்னொரு கூட்டம் வீட்டுக்கே வந்து, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈரலை மாற்றித் தருகிறோம் என்று சொல்லிக் காணி உறுதியைக் கேட்கும். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை இலங்கையிலும், ராகமவில் உள்ள அரச போதனா வைத்தியசாலையில், செய்யப்படுகிறது. அப்பாவுக்கு அது தேவையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரைப் பார்க்கும் வைத்திய நிபுணர். தேவையென்றால் கடிதம் கொடுத்து அனுப்புபவரும் அவரே, அந்தக் கடிதத்துக்காக யாருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.