'டைப்' என்று பெயர் வைத்தால் ஹாஸ்கெல் ஏன் ஏற்பதில்லை?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: அப்பா தோட்டத்துக் கிராணி, அவருடைய செம்பனைக் குலைக் கணக்குக்காக ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாகப் புரோகிராம் எழுதுகிறேன், குலை வகைக்கு 'டைப்' என்று பெயர் வைத்த வரியில் 'பார்ஸ் எரர்', அதாவது வரியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்ற எரர், வருகிறது. டவுனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது, 80 ரிங்கிட்டுக்கு மறுபடி ஏற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ஒரு சென் கூடக் கொடுக்காதீர்கள், தம்பி. எத்தனை முறை ஏற்றினாலும் அதே வரியில் அதே எரர்தான் வரும். 'டைப்' ஹாஸ்கெல் தன் வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொல். ஹாஸ்கெல் 2010 விதிப்படி அப்படி 22 சொற்கள் உண்டு. கிளாஸ், டேட்டா, இன், ஆஃப் எல்லாம் அதில் அடக்கம். கணக்கு எழுத உட்காருகிறவர் கைக்கு முதலில் வருவதே டைப், கிளாஸ், டேட்டாதான். இது ஒதுக்கப்பட்ட சொல் என்று அந்த எரர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லாது. பாடம் நடத்துகிறவர்களும் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே தவிர, இந்த எரரைத் திரையில் காட்டுவதில்லை. கடைக்காரர்கள் பிழைப்பதே இதனால்தான்.

சரி, தீர்வு. பெயரின் கடைசியில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள், டைப்' என்று. முன்னால் போடக்கூடாது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாறிப் பெயர், அதாவது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர், ஹாஸ்கெலில் பெரிய எழுத்தில் தொடங்க முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் குறியே காலை வாரும். மில்லிலிருந்து கணக்கு ஜேசன் கோப்பாக (ஒவ்வொரு தகவலையும் ஒரு பெயரோடு எழுதி வைக்கும் கோப்பு) வந்து, அதில் 'டைப்' என்றே ஒரு பெயர் இருக்கிறது என்று வையுங்கள். ஜேசனைப் படிக்கும் ஆயத்தத் தொகுப்பான ஏசான் நூலகத்திடம் எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டால், அது உங்கள் டைப்' என்பதைக் குறியோடு அப்படியே தேடும், கோப்பில் அது இருக்காது, படிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அங்கே மட்டும் படிக்கும் பகுதியை நீங்களே எழுதி, இரட்டை மேற்கோளுக்குள் "டைப்" என்று கொடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் வருவது வெறும் எழுத்துதான், ஒதுக்கப்பட்ட சொல்லாக ஹாஸ்கெல் அதைப் பார்க்காது.

எனக்கென்றால் குறியே வேண்டாம், 'குலைவகை' என்று ஆங்கில எழுத்தில் வைத்துவிடுவேன். அப்பா எட்டிப் பார்த்தாலும் புரியும். அப்புறம், பழைய பெயர் வருகிற எல்லா இடத்திலும் மாற்றுங்கள், ஒன்று விட்டாலும் எரர் அங்கே வந்து நிற்கும்.