மங்கிப்போன ஜெல்கோட்டுக்குப் பழைய பளபளப்பு திரும்புமா?

பழைய ஃபைபர் படகின் மேற்பூச்சு வெளிறி, தொட்டால் விரலில் சுண்ணாம்புபோல் ஒட்டுகிறது, பெயிண்ட் அடித்துத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது. அந்த மேற்பூச்சுதான் ஜெல்கோட், நிறமி கலந்த பிசின். புதிதில் ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் முதலில் சிதைப்பது அதன் மேல்தோலைத்தான். ஓரிடத்தை நனைத்துப் பாருங்கள்: ஈரம் காயும்வரை பழைய நிறம் தெரிந்தால், அடியில் நல்ல பூச்சு எஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

சோப்பு நீரில் கழுவி, பழைய மெழுகைக் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்தெடுத்த பிறகு, நிழலில் வைத்து, தேய்ப்புக் களிம்பை (ரப்பிங் காம்பவுண்ட்) பாலிஷ் இயந்திரத்தால் குறைந்த வேகத்தில், சிறு சிறு பகுதிகளாகத் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மட்டுமே 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து, மீண்டும் களிம்புக்கு வாருங்கள். விளிம்புகளிலும் மூலைகளிலும் கையாலேயே தேய்ப்பது நல்லது. அங்கே பூச்சு சீக்கிரம் கரைந்து நார் தெரிந்துவிடும், அதன்பின் எந்தக் களிம்பும் உதவாது.

பலர் நேராக மெழுகு பூசி ஏமாறுகிறார்கள். பளபளப்பைத் தருவது தேய்ப்பு. மெழுகு அதைக் காக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை, நீர்த்துளிகள் முத்தாகத் திரளாமல் பரவத் தொடங்கும்போது, மறுபடி பூசுங்கள். நிறுத்திவைக்கும் நாட்களில் படகை உறையிட்டு மூடிவையுங்கள்.