கேம் கேள்வி–பதில்: நாலு பேரில் யார் எதைப் பிடித்திருப்பது?

திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே 2023இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' என்ற, நாலு பேர் கொண்ட அணியாக ஆடும் கேம் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கதாபாத்திரம் இப்போது லெவல் 5. ஃபைட்டர் (வீரர்) 2, விசார்ட் (மந்திரவாதி) 2, கிளெரிக் (பூசாரி) 1 என்று மூன்று கிளாஸைக் கலந்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த ஆளாக இருக்கட்டும் என்று செய்தது. ஆனால் சண்டையில் இவர்தான் ஆகப் பலவீனம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டாம். முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்தால் கிளாஸ், புள்ளிகள், மந்திரங்கள் எல்லாவற்றையும் மாற்றலாம். இனமும் பின்னணியும் மட்டும் மாறாது.

லெவல் 5 தான் இந்த கேமில் பெரிய படி. ஃபைட்டர் 5 ஆனால் ஒரே ஆக்‌ஷனில் இரண்டு அடி. விசார்ட் 5 ஆனால் ஃபயர்பால், அதாவது எட்டு ஆறுமுகப் பகடைச் சேதம். இவை கிளாஸின் லெவலைப் பார்த்து வருபவை, மொத்த லெவலைப் பார்த்து அல்ல. ஃபீட் என்ற சிறப்புத் திறனும் அப்படித்தான்: ஒரு கிளாஸில் 4 எட்டினால்தான் முதலாவது கிடைக்கும். உங்கள் ஆளுக்கு இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. உச்ச லெவலே 12 என்பதால் இந்த இழப்பைப் பிறகு ஈடுசெய்ய இடமும் குறைவு. ஒரு கிளாஸை 5 வரை நேராகக் கொண்டுபோங்கள். கலப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஃபைட்டராகவே வைத்துக்கொள்வதானால் 27 புள்ளிகளை இப்படிப் போடலாம்: ஸ்ட்ரெங்த் (பலம்) 15, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 14, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14, விஸ்டம் (ஞானம்) 12, மற்ற இரண்டும் 8. கூடுதல் +1ஐ ஸ்ட்ரெங்துக்கும் +2ஐ கான்ஸ்டிட்யூஷனுக்கும் கொடுத்தால் இரண்டும் 16. ஒற்றை எண்ணில் நிறுத்தினால் பயன் இல்லை. 17க்கும் 16க்கும் பகடையோடு கூட்டக் கிடைப்பது அதே +3 தான். கனமான கவசம் போடுபவருக்கு டெக்ஸ்டெரிட்டி எதற்கு என்று கேட்பீர்கள். யார் முந்துவது என்பதை இந்த கேம் நாலுமுகப் பகடையால் தீர்மானிக்கிறது. மேசையில் ஆடும் மூல விளையாட்டில் அதற்கு இருபது முகம். பகடை சிறியதாக இருப்பதால் இங்கே டெக்ஸ்டெரிட்டி 14 தரும் +2 என்பது பெரிய விடயம்.

கேள்வி: நாங்க கூட்டாளிமார் நாலு பேர், லான் போட்டு ஒண்டா விளையாடுறம். ரெண்டு பாபேரியன் (வெறியோட அடிக்கிற ஆள்), ஒரு ஃபைட்டர், ஒரு ரோக் (பூட்டுத் திறக்கிற களவாளி). கொப்ளின் முகாமில திரும்பத் திரும்பச் சாகிறம். கிளெரிக் எடுக்க ஒருத்தருக்கும் விருப்பமில்ல. கிளெரிக் இல்லாம ஏலாதா? – வாசகர், கிண்ணியா

பதில்: ஏலும். சண்டையில் காயம் ஆற்றுவதற்காகவே கிளெரிக் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த கேமில் வரும் அடியின் வேகத்துக்கு ஆற்றும் வேகம் ஒருபோதும் ஈடுகொடுக்காது. விழுந்துகிடப்பவரை எழுப்பினால் போதும். அதற்கு ஒரு குணமாக்கும் போத்தலை அவரருகே தரையில் எறிந்தாலே சரி. பக்கத்தில் நிற்பவருக்கும் சேரும்.

உங்கள் அணியின் உண்மையான குறை கான்சென்ட்ரேஷன். வலுவான மந்திரங்கள் பலவற்றுக்கு, போட்டவர் தொடர்ந்து மனதைக் குவித்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்கலாம். நாலு பேர் இருந்தால் நாலு இடம். உங்களிடம் நாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. பாபேரியன் ரேஜில் (வெறியில்) இருக்கும்போது மந்திரம் போடவே முடியாது.

ஒரு பாபேரியனை பாலடினாக்குங்கள். அவரும் அடிக்கும் ஆள்தான், ஆனால் லெவல் 2 முதல் பிளெஸ் போடுவார்: மூன்று பேருக்கு, ஒவ்வொரு தாக்குதலிலும் சேவிங் த்ரோவிலும் (தீங்கைத் தாங்க உருட்டும் பகடை) ஒரு நாலுமுகப் பகடை கூடும். ரோக்கை விசார்டாகவோ சோர்சரராகவோ மாற்றினால் எதிரிகளைக் கட்டிப்போடும் வேலை அவருடையது. லெவல் 3இல் வெப், லெவல் 5இல் ஹிப்னாட்டிக் பாட்டர்ன். பூட்டுத் திறக்க ரோக் கட்டாயம் இல்லை. ஸ்லைட் ஆஃப் ஹாண்ட் தேர்ச்சியும் நல்ல டெக்ஸ்டெரிட்டியும் உள்ள எவரும் திறப்பார். அர்ச்சின் பின்னணி உள்ளவருக்கு அந்தத் தேர்ச்சி கூடவே வரும்.

பிளெஸ் பிடித்திருப்பவரை முன்வரிசையில் நிறுத்தும்போது கணக்குப் பார்க்க வேண்டும். அடி விழும் ஒவ்வொரு முறையும் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ. இலக்கு 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. கான்ஸ்டிட்யூஷன் 16 என்றால் ஒரு சிறு அடியைத் தாங்கும் வாய்ப்பு 70 வீதம். ஒரே சுற்றில் மூன்று சிறு அடி விழுந்தால் அது 34 வீதமாகச் சரிகிறது. ஆகவே ஒரு பெரிய அடியை விடப் பல சிறு அம்புகள்தான் ஆபத்து. வார் காஸ்டர் ஃபீட் எடுத்தால் 70 என்பது 91 ஆகும். வழுக்கி விழுந்தாலும் கான்சென்ட்ரேஷன் போய்விடும். பனிக்கட்டியிலும் கிரீஸிலும் கால் வைக்காதீர்கள்.

வேகப்படுத்தும் மந்திரமான ஹேஸ்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைப் பிடித்திருப்பவர் தடுமாறினால், ஹேஸ்ட் பெற்றவர் ஒரு முழு முறை எதுவும் செய்ய முடியாமல் நிற்பார். உங்கள் ஆகச் சிறந்த அடிகாரர் எதிரிகள் நடுவில் சிலையாக நிற்பது எப்படி இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஹேஸ்ட் போடுபவரை உயரத்தில், தூணுக்குப் பின்னால் வையுங்கள். உயரத்திலிருந்து எய்தால் +2வும் கிடைக்கும்.

கொப்ளின் முகாமில் எல்லோரையும் ஒரே நேரத்தில் எதிர்க்காதீர்கள். போர் முரசுகளை முன்கூட்டியே உடையுங்கள். மூன்று தலைவர்களையும் தனித்தனியாக எடுங்கள். பூசாரி கட் உங்களைத் தன் அறைக்கே கூட்டிப்போவாள், வாய்ப்பை விடாதீர்கள்.

கேள்வி: கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்த பிறகு பாதிக்கு மேல் தவறுகிறது. ஃபீட்டை மாற்றிவிடவா? – வாசகர், மூதூர்

பதில்: அந்த ஃபீட் தாக்குதல் பகடையில் 5ஐக் கழித்து சேதத்தில் 10ஐக் கூட்டுகிறது. லெவல் 4, ஸ்ட்ரெங்த் 16, கையில் கிரேட்சோர்ட் (பெரிய வாள்), எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 என்று வைப்போம். சாதாரணமாக 55 வீதம் படும், சராசரிச் சேதம் 10. ஒரு வீச்சுக்கு 5.5. ஃபீட்டோடு 30 வீதம்தான் படும், சேதம் 20, வீச்சுக்கு 6. இந்த அரைப் புள்ளிக்காகப் பத்தில் ஏழு தடவை காற்றை வெட்டுகிறீர்கள், எரிச்சல் நியாயம்தான். பிளெஸ் இருந்தால் 6.75க்கு எதிராக 8.5. பிளெஸ் இல்லாமல், எதிரி தரையில் விழுந்து கிடந்து அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) மட்டும் கிடைத்தால் 8க்கு எதிராக 10.2. ஆர்மர் கிளாஸ் 18 உள்ளவரிடம் பிளெஸும் இல்லாவிட்டால் கணக்குத் தலைகீழ்: 4க்கு எதிராக 3.

எனவே ஃபீட்டை வைத்திருங்கள், கழிவை மட்டும் தேவைக்கேற்ப அணையுங்கள், போடுங்கள். பாசிவ் பட்டியலில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அணைத்திருந்தாலும், ஒருவரைக் கொன்றாலோ கிரிட்டிக்கல் விழுந்தாலோ கிடைக்கும் மேலதிக அடி தொடரும்.

கேள்வி: அடிக்கடி லாங் ரெஸ்ட் (முகாமில் இரவு ஓய்வு) எடுத்தால் கதை கெட்டுப்போகுமா? – வாசகர், சாம்பல்தீவு

பதில்: பெரும்பாலும் இல்லை. குறைவாக ஓய்வெடுத்தால்தான் தோழர்களின் முகாம் உரையாடல்கள் தவறிப்போகின்றன. ஒரு முறைக்கு உணவுப்பொருள் 40 தேவை, டாக்டிஷியன் என்ற கடின நிலையில் 80. இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) உண்டு; அணியில் பார்ட் (பாணர் கிளாஸ்) இருந்தால் லெவல் 2 முதல் மூன்றாவதும் கிடைக்கும். வார்லாக் என்ற மந்திர கிளாஸ் செலவழித்த மந்திர இடங்கள் ஷார்ட் ரெஸ்டிலேயே நிரம்பும். எரியும் விடுதி, நச்சுப்புகைக்குள் அடைபட்டவர் போன்ற அவசரங்களைக் கண்ணால் கண்ட பிறகு மட்டும் படுக்கப் போகாதீர்கள். அந்தப் பக்கம் போவதற்கு முன்பே ஓய்வெடுத்துவிட்டு, எஃப்5 அழுத்தி சேவ் செய்துகொண்டு போங்கள். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்.