ஆச்சி கண்ணாடி கேட்பது எதற்கு?

கேள்வி: பேச்சுக் கொடுத்தாலே எங்கள் ஆச்சி, "ஏட்டி, என் கண்ணாடிய எடு, நீ சொல்லுதது வெளங்கல" என்கிறாள். காது மந்தத்துக்குக் கண்ணாடி எதற்கு என்று வீட்டில் ஒரே சிரிப்பு.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆச்சி சொல்வதுதான் சரி. வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும். 'ப'வா, 'த'வா, 'க'வா என்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் அதுவே முதலில் அமுங்கும். ஆனால் 'ப'வுக்கு உதடு மூடுவதை, ஒலி வருமுன்பே கண் பார்த்துவிடுகிறது. இரண்டு தகவலும் கூடும் இடங்களில் முக்கியமானது, காதுக்குச் சற்று மேலே மூளையின் பக்க மடலில் ஓடும் நீண்ட பள்ளம்.

1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இருவர், 'கா' என்று வாயசைக்கும் முகத்தோடு 'பா' ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள் (கேஸ் அடுப்பின் 'க', பஸ்ஸின் 'ப'). பலருக்குக் கேட்டது டாக்டரில் வரும் 'டா'! கண்ணை மூடினால் 'பா' திரும்பிவிடும். சூட்சுமம் தெரிந்த பிறகும் காது ஏமாறும், எல்லோருக்கும் அல்ல.

உதட்டை மட்டும் நம்பவும் முடியாது. 'பத்து', 'மத்து' இரண்டுக்கும் வாயசைவு ஒன்றே. மூக்கொலியைக் காதுதான் பிடிக்க வேண்டும். ல, ள, ழ நாக்கின் வேலை, வெளியே தெரியாது.

ஆச்சியிடம் மூன்று, நான்கு அடி தூரத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், மெய்யொலி தெளியாது, வாயும் கோணும். விளங்கவில்லையா? "மத்து, மத்து" என்று திரும்பச் சொல்லாமல் "தயிர் கடைய மத்து" என்று சொல்லிப் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி, கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். கண்ணாடி துணைக்குத்தான்.

கேள்வி: ஆனித் தேரோட்டத்தில் தூரத்து மேளத்தில் கோல் பட்ட பிறகே சத்தம் வருகிறது. வீட்டுப் பேச்சில் ஏன் அப்படித் தெரிவதில்லை?
— வாசகர், நெல்லை டவுன்

பதில்: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 மீட்டருக்கு 0.3 நொடி, 3 மீட்டருக்கு நூறில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. பேச்சு உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தினாலும் மூளை ஒட்டவைத்துக்கொள்ளும். முந்தினால் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும், இயற்கையில் ஒலி ஒளியை முந்துவதே இல்லையே.