பின்படிக்கட்டின் பூட்டு

கேள்வி: ஐந்து மாடிகள் கொண்ட எங்கள் அலுவலகத்தில் ஏறத்தாழ 200 பேர் வேலை செய்கிறோம். ஆண்டுக்கு இருமுறை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அவசரகால வெளியேற்ற ஒத்திகை நடத்துகிறோம். எல்லோரும் முன்படிக்கட்டு வழியாக ஆறு நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். திருட்டுக்கு அஞ்சிப் பின்படிக்கட்டைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறோம். நான்காம் மாடியில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் தோழி ஒருவர் ஒத்திகையின்போது தம் இடத்திலேயே இருந்துவிடுகிறார். இந்த ஏற்பாடு போதுமா?

— பாதுகாப்புப் பொறுப்பிலுள்ள ஒரு வாசகி

பதில்: போதாது. முதல் வேலையாக அந்தப் பூட்டை அகற்றுங்கள். 1911ஆம் ஆண்டு நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, ஒன்பதாம் தளத்தில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியே கிடந்தது. நீங்கள் சொல்லும் அதே திருட்டுப் பயம்தான் அதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் தீயில் 146 பேர் மாண்டார்கள். மின்சாரம் போய்ப் புகை சூழ்ந்த நேரத்தில், கொத்துச் சாவியில் சரியானதைக் கைகள் தடவித் தேடும் நொடிகளை எண்ணிப் பாருங்கள். உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் குறுக்குக்கம்பியையும், திறந்தால் ஒலிக்கும் மணியையும் அந்தக் கதவில் பொருத்தினால் திருட்டுப் பயமும் தீரும், வழியும் அடைபடாது.

அடுத்தது, ஆறு நிமிடக் கணக்கு. அது எனக்கு நிம்மதி தரவில்லை, ஏனென்றால் மனிதர்கள் ஆபத்தில் தாங்கள் உள்ளே வந்த வழியையே நாடுகிறார்கள். உங்கள் ஒத்திகையோ அந்தப் பழக்கத்தையே உறுதிப்படுத்துகிறது. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்தபோது, வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் முன்வாசலை நோக்கியே நெருக்கியடித்தார்கள். 100 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே அடுத்த ஒத்திகையில் முன்படிக்கட்டின் குறுக்கே நாற்காலிகளைப் போட்டு, 'இங்கே தீ' என்று எழுதி வைத்துவிடுங்கள். பின்படிக்கட்டில் குவிந்திருக்கும் அட்டைப் பெட்டிகளும் எரியாத விளக்குகளும் அன்றைக்குத்தான் உங்கள் கண்ணில் படும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும், சூடாக இருந்தால் திறக்காமல் வேறு வழி தேடவும், புகை இருந்தால் குனிந்து செல்லவும் பழக்குங்கள்.

கைப்பையும் மடிக்கணினியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 2024 ஜனவரியில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தீப்பற்றிய பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினார்கள். அதில் எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது; அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால் பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியிலும் உரத்த குரலிலும் வழிகாட்டினார்கள். சன்னல் வழியே வெளியே பார்த்து எந்த வாசல் பாதுகாப்பானது என்று முடிவெடுத்த அவர்களுடைய பயிற்சியும், உடைமைகளை விட்டு இறங்கிய பயணிகளின் ஒத்துழைப்பும் சேர்ந்தே அது நடந்தது.

உங்கள் தோழியை ஒத்திகையில் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. அவசரத்துக்கென்றே வடிவமைக்கப்படாத சாதாரண லிஃப்டில் அவரை அனுப்பக் கூடாது. மின்சாரம் நின்றால் நடுவில் சிக்கும், லிஃப்டின் சுரங்கம் புகைபோக்கியாகவும் மாறும். படிகளில் இறக்குவதற்கான நாற்காலி ஒன்றை அவருடைய தளத்திலேயே வையுங்கள். தம்மை எப்படித் தூக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். உதவிக்கு இருவரையும், அவர்கள் விடுப்பெடுக்கும் நாளுக்கு வேறு இருவரையும் நியமித்து, அவருடைய சம்மதத்துடன் பயிற்சி செய்யுங்கள்.

வெளியே கூடும் இடத்தில், அன்று வந்த விருந்தினர்கள் உட்பட அனைவரையும் தளவாரியாக எண்ணுங்கள். எவரேனும் குறைந்தால் தேடிக்கொண்டு உள்ளே ஓடாமல், அவர் கடைசியாக எங்கே காணப்பட்டார் என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் உடனே சொல்லுங்கள்.