மில்காரர் மகளின் கணக்கு வழக்கு

கேள்வி: பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்கச் சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸின் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதுகிறேன். சொத்தையெல்லாம் துறந்து சிகாகோவின் ஏழைகளோடு குடியேறினார் என்கிறது ஒரு கட்டுரை. அப்பா பணத்தில் நடத்தினார் என்கிறது இன்னொன்று. குடும்ப உறவுகளும் குழப்புகின்றன. எப்படி எழுதுவது?

பதில்: முதலில் 'துறந்தார்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். வசதியானவர் ஒருவர் ஏழைகள் நடுவே வீடு எடுத்தால் போதும், நம்மவர்கள் உடனே அவருக்குக் காவி கட்டிவிடுகிறார்கள். ஆடம்ஸ் தன்னிடம் இருந்ததைச் செலவழித்தார், அவ்வளவுதான்.

அப்பாவின் பெயரை 'ஜான் ஹியூ ஆடம்ஸ்' என்று முழுதாக எழுதுங்கள். வெறும் ஜான் ஆடம்ஸ் என்றால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி என்று மாணவர்கள் நினைப்பார்கள். தமிழில் ஒன்றாகத் தெரியும் இந்தப் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு 'டி' கூடுதல். அதை வைத்தே ஆப்ரஹாம் லிங்கன் இவரை 'இரட்டை டி ஆடம்ஸ்' என்று கடிதங்களில் கேலியாக விளித்ததாக மகள் ஜேன் எழுதியிருக்கிறார். இல்லினாய் மாநிலத்தின் சீடர்வில் கிராமத்தில் மாவு மில் வைத்திருந்தவர், வங்கித் தலைவர், 16 ஆண்டுகள் மாநில செனட்டர். மாவின் பதத்தை விரலிடுக்கில் தேய்த்துத் தேய்த்து மில்காரர்களின் கட்டைவிரல் தட்டையாகிவிடுமாம். தனக்கும் அப்படி ஆகவேண்டும் என்று சிறுமி ஜேன் மணிக்கணக்கில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நூலின் முதல் பக்கத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அடுத்து உறவுமுறை. 1860இல் பிறந்த ஜேனுக்கு இரண்டு வயதானபோது தாய் இறந்தார். 1868இல் தந்தை அன்னா ஹால்ட்மேன் என்ற விதவையை மணந்தார். அன்னாவுக்கு ஏற்கெனவே ஹாரி, ஜார்ஜ் என்று இரு மகன்கள். பிறகு 1875இல் ஜேனின் அக்கா ஆலிஸ் அதே ஹாரியை மணந்தார்! ஹாரியை 'அண்ணன்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் கல்யாணம் என்றால் தமிழ் வாசகர் திடுக்கிடுவார். 'சிற்றன்னையின் முதல் கணவருக்குப் பிறந்த மகன்' என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். பிறகு அக்காள் கணவர் என்றே குறிப்பிடலாம். 1882இல் ஜேனின் முதுகெலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரும் இவர்தான்.

பணத்துக்கு வருவோம். 1881இல் தந்தை இறந்தபோது ஜேனின் பங்குக்குச் சுமார் 50,000 டாலர் மதிப்புள்ள சொத்து வந்தது. இன்றைய ரூபாயில் பெருக்கிக் காட்டாதீர்கள், அந்தத் தொகை மனதில் நிற்காது. 1895இல் சிகாகோவில் தன் வட்டாரத்தின் குப்பை அகற்றும் பணிக்கு ஆய்வாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். ஐம்பது ஆண்டுச் சம்பளம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆனால் 'அப்பா பணத்தில்' என்பதும் பாதிதான் சரி. 1889இல் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் ஹல் ஹவுஸ் என்ற, ஏழைகள் நடுவே குடியிருந்து உதவும் சேவை இல்லத்தைத் தொடங்கிய கட்டிடம் ஹெலன் கல்வர் என்பவருடையது. சீக்கிரமே அவர் வாடகை வாங்குவதை நிறுத்திவிட்டார். மேரி ரோசெட் ஸ்மித், லூயிஸ் போவன் ஆகிய செல்வந்தத் தோழிகளும் அள்ளிக்கொடுத்தார்கள். 1907க்குள் கட்டிடங்கள் 13 ஆகிவிட்டன. ஒரு மில்காரர் சொத்து அதற்கு எங்கே போதும்?

கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால் குடும்பச் சுமை இல்லாதவர் என்று எழுதிவிடாதீர்கள். 1894இல் ரயில் பெட்டி தயாரிக்கும் புல்மன் நிறுவனத்தின் வேலைநிறுத்தத்தில் சமரசம் பேச ஜேன் அலைந்துகொண்டிருந்த நாட்களில், தாயைப்போல் தன்னை வளர்த்த மூத்த அக்கா மேரி மரணப் படுக்கையில் கிடந்தார். அந்த வேலைநிறுத்தத்தால் ரயில்கள் தடைபட்டு, மேரியின் கணவரும் பிள்ளைகளும் உயிர் பிரியும் முன் வந்துசேர முடியவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஜேனே காப்பாளர் ஆனார். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வெபர் லின், 1935இல் ஜேன் இறந்த அதே ஆண்டில் சித்தியின் வரலாற்றை வெளியிட்டார். வீட்டு விவரங்களுக்கு அது நல்ல சுரங்கம். புகழ்ச்சி வரும் இடங்களில் மட்டும், எழுதுகிறவர் அவருடைய சொந்த அக்கா மகன் என்பதை நினைவில் வைத்து எடுத்தாளுங்கள்.