மாம்பூவுக்கு மருந்து அடித்த பிறகு வாந்தி, தலைசுற்றல்: வெயிலா, மருந்தா?

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பூவுக்கு மருந்து அடித்துவிட்டு வந்த அப்பாவுக்கு வாந்தி, தலைசுற்றல். வெயிலாக இருக்குமா, மோர் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதலில் 108-க்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் அவசரப் பிரிவில் நர்ஸ். வீடு பாலக்கோடு, எங்களுக்கும் தக்காளிக் காடு உண்டு. வெயிலில் வாந்தி வரும், ஆனால் கண்பாவை சுருங்காது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்து ஏறியவருக்குப் பெரும்பாலும் பாவை கடுகளவாகிவிடும். எச்சில் வழியும், வேர்வை கொட்டும், நெஞ்சில் கர்கர் என்று சளி இழுக்கும், தோள்சதை தானாகத் துடிக்கும். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் உடைத்துப்போட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. மருந்து அதைத்தான் முடக்குகிறது. சேதி ஓயாமல் போய்ப்போய், கடைசியில் மூச்சுத் தசையே சோர்ந்துவிடும்.

"நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலையே" என்பார்கள். குடிக்க வேண்டியதில்லை. மாமரத்துக்கு அண்ணாந்துதானே அடிக்கிறோம், சாரல் முழுக்கத் தலையிலும் கழுத்திலும் இறங்கும். வாயில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் அதுவே மருந்தை முகத்தோடு ஒட்டவைத்துவிடும். தோல் வழியாக ஏறினால் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

வண்டி வரும்வரை சட்டை, வேட்டி, அரைஞாண் கயிறு உட்பட எல்லாவற்றையும் கழற்றுங்கள். தலைமுடி, அக்குள், நகக்கண் விடாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நினைவு மங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி வற்றும்வரை அட்ரோபின் ஊசி ஏற்றுவார்கள். அளவு கூடினால் நாக்கு வறண்டு, முகம் சிவந்து, ஆள் பிதற்றுவார், படுக்கையைப் பிறாண்டுவார். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வந்த சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! அட்ரோபின் கூடியதன் வேலைதான், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

நான் அதிகம் பயப்படுவது அதற்குப் பிறகுதான். தெளிந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவருக்கு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கழுத்து நிற்காமல் தொங்கும், மூச்சு திணறும், வென்டிலேட்டர் வைக்க வேண்டிவரும். படுத்தபடி தலையைத் தூக்க முடிகிறதா என்று அடிக்கடி தூக்கச் சொல்லிப் பாருங்கள். "நல்லாயிட்டாரு, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

மருந்து பாட்டிலைப் பையில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். பைரித்ராய்டு என்ற இன்னொரு வகைப் பூச்சிமருந்து என்றால் வைத்தியமே வேறு. இரண்டு மூன்றைக் கலந்து அடித்திருந்தால் எல்லாப் பாட்டிலும் வேண்டும்.